தீர்த்தம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவோருக்கு

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, செவன் கிங்ஸ், இலண்டன்.

என் முறைப்பாடு இது. செப்டெம்பர் மாதம் முதலாக முன்னறிவித்தலின்றி என் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் கையால் சங்குத் தண்ணீர் வாங்கிக் குடித்து, அவளைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் அவளைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள்.

கடுமையான சொல் என்று அறிந்தே எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் என் மனைவி சந்திரவதனாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. மற்றவை அனைத்தும் அவள் சம்மதத்துடன் வெளிவருகின்றன.

சென்ற ஜூலை மாதம், வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கானில், அவளுடைய வலச் சிறுநீரகத்தில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. அவளுக்கு நோவில்லை, காய்ச்சலில்லை, பசியும் குறையவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்து, கட்டி சிறியதாக இருக்கும்போதே எடுத்தால் முழுவதையும் எடுத்துவிடலாம் என்றும், வளரவிட்டால் அந்த உறுதியைத் தம்மால் தரமுடியாது என்றும் சொன்னார். செப்டெம்பர் நடுப்பகுதிக்குத் திகதி குறித்தார்கள். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பயணம் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டிருந்தது. போய்வரலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போய்வாருங்கள் என்றார்.

அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவர் என் மைத்துனர் பாலேந்திரா. ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சந்திரவதனாவின் ஒரே தம்பி. மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவியை இழந்தவர். ஒரு சத்திரசிகிச்சைக்கென ஆஸ்பத்திரிக்குள் நடந்துபோன அந்தப் பெண் திரும்பி வரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, எங்களுக்கும் இல்லை. தம்முடைய அறுபதாவது பிறந்தநாளை இலண்டன் மண்டபம் ஒன்றில் தனியாளாக நின்று கொண்டாட மனமில்லாமல், எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கரிபியன் கடலிலுள்ள செயின்ட் லூசியாவுக்குப் புறப்பட்டார்.

இலண்டன் திரும்புவதற்கு முதல் நாள், காஸ்ட்ரீஸ் நகரச் சந்தைக்குச் சாமான் வாங்கப் போனோம். பயணம் போனவர் வெறுங்கையோடு வந்தால் நம்மவர் விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சிவப்புக் கூரையின் கீழே ஓலைத் தொப்பிகளும், சுரைக்காய் போன்ற ஒரு காயைக் குடைந்து சித்திரம் கீறிய கிண்ணங்களும், களிமண் அடுப்புகளும், உருட்டிக் காயவைத்த கொக்கோக் குச்சிகளும் குவிந்து கிடந்தன. சந்திரவதனா சிறுபிள்ளை போல ஒவ்வொரு கடையாக நின்றாள். ஆங்கிலம் வராத இடத்தில் விரலால் விலை பேசினாள். விற்றவர்களும் அவளுடைய விரல்களைப் பார்த்துச் சிரித்துத் தங்கள் விரல்களால் பதில் சொன்னார்கள்.

"இஞ்சாருங்கோ, இவ சிரிச்சுச் சிரிச்சே ஒரு சதம் குறைக்கிறா இல்லை" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு, கேட்ட விலையையே கொடுத்தாள்.

பாலேந்திரா ஒரு கட்டம் போட்ட துணியை விரித்துத் தூக்கிப் பிடித்தார்.

"அக்கா, இஞ்சை பாரன். எங்கட சாரத்தை எங்களுக்கே விக்கினம்!"

அந்தத் துணியைத் தாங்கள் மெட்ராஸ் என்று சொல்வதாகவும், திருநாள்களில் பெண்கள் அதைத் தலையில் கட்டுவார்கள் என்றும் கடைக்காரப் பெண் விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன்.

"மெட்ராஸோ? அப்ப இது எங்கடை இல்லை, இந்தியாக்காரன்ரை. அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ அத்தான்."

இந்த விளையாட்டெல்லாம் அடுத்த கடை வரையிலுந்தான். அங்கே ஒரு பெரிய அம்மையார் சங்கும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்பு வாயுடைய பெருஞ்சங்குகள் ஒரு பக்கம். அவற்றைத் தம் சகோதரரே கடலில் எடுப்பதாகச் சொன்னார். மறுபக்கம் ஒரு தட்டில், நீண்டு கூர்ந்த வேறொரு வகைச் சங்குகள். பாலேந்திரா அவற்றுள் ஒன்றை எடுத்து, வால் மேலே இருக்கப் பிடித்து, வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதென்று பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார்.

"அத்தான்," என்றார், மூச்சுக்கும் கேட்காத குரலில். "வலம்புரி."

நம் கடலில் எடுக்கும் சங்குகள் ஏறத்தாழ அனைத்துமே இடம்புரிகள். வலப்பக்கம் வாய் திறந்த ஒன்று அகப்பட்டால் அதைத் திருமகள் என்று பூசையறையில் வைப்பார்கள். அது இருக்கும் வீட்டில் நோயும் வறுமையும் நில்லா என்பார்கள். இதை விளக்கத் தேவையில்லாத வாசகர்களே அதிகம். ஆயினும் அந்த அம்மையாருக்கு நான் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். இந்த வகை எல்லாமே இப்படித்தான் பிறக்கும் என்றார். ஒன்றுகூட மற்றப் பக்கம் திரும்பியதைத் தாம் கண்டதில்லை. இவை இந்தத் தீவின் கடலிலும் இல்லை. அமெரிக்கக் கரையிலிருந்து பெட்டியில் வருகின்றன, சுற்றுலாப் பயணிகள் கேட்பதால் வைத்திருக்கிறேன் என்றார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. அதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

சொல்லுக்குச் சொல் மைத்துனருக்குத் தமிழில் சொன்னேன்.

"வாயைத் திறக்காதேங்கோ அத்தான். அவவுக்கு இதின்ரை பெறுமதி தெரியேல்லை."

"அவவுக்குத்தான் தெரியும். இந்தச் சாதி முழுக்க இப்பிடித்தானாம்."

"வலம்புரி ஆயிரத்தில ஒண்டு எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"ஆயிரத்தில ஒண்டு எண்டால் ஒரு தட்டு நிறைய எப்பிடிக் கிடக்கும்?"

"அதுதானே அத்தான் அதிஷ்டம்!"

தட்டிலிருந்த அத்தனையையும் அவர் வாங்கினார். ஒவ்வொன்றையும் பையில் வைக்குமுன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மையார் அதைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, உங்கள் மைத்துனருக்குக் கண்ணில் ஏதாவது வருத்தமா என்று என்னிடம் அக்கறையோடு விசாரித்தார். சந்திரவதனாவுக்கு அதை மொழிபெயர்த்தபோது அவள் சந்தையின் நடுவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்கான் எடுத்த நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்தச் சங்குகளுள் பெரியது எங்கள் வீட்டுக்கு வந்தது. வேறொன்று ஃபாரஸ்ட் கேட் கடையின் கல்லாவுக்கு மேலே ஏறியது. மிகுதியை அவர் நெருங்கியவர்களுக்குப் பங்கிட்டார். எங்கள் வீட்டில், சின்ன அறையிலுள்ள சாமித்தட்டில், மெட்ராஸ் துணியை விரித்து அதன்மேல் அதை வைத்து, தினமும் காலையில் தண்ணீர் நிரப்பிக் குடிக்கவேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளும் செய்தாள். தீங்கில்லாத காரியம் என்றே நானும் இருந்தேன்.

அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. கட்டில் போதாமையால் குறித்த திகதியில் சத்திரசிகிச்சை செய்ய இயலாது, வருந்துகிறோம், புதிய திகதி அறிவிப்போம் என்றார்கள். இந்த நாட்டில் இது எல்லோருக்கும் நடப்பது. உங்களுக்கும் நடந்திருக்கும்.

பாலேந்திரா அதைத் தம் கைத்தொலைபேசியில் இவ்வாறு எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினார்: வலம்புரி சங்கு வந்தது, அக்காவின் ஒப்பரேசன் நின்றது. சங்குக்கு முன் வரவேண்டிய 'ச்' என்ற ஒற்றையும் விட்டுவிட்டார், உண்மையையும் விட்டுவிட்டார். தள்ளிப்போடப்பட்டது என்று எழுதவேண்டிய இடத்தில் நின்றது என்று எழுதினார். அதை வாசித்தவர்கள், கட்டி கரைந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு நீங்கள் வரத் தொடங்கினீர்கள்.

முதலில் அயலவர்கள். பின்னர் ஈஸ்ட் ஹாம், அப்பால் ஹரோ. வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. முழங்கால் நோ, பிள்ளைக்குச் சோதனை, மகளுக்குக் கலியாணம் சரிவரவில்லை, கடைக்குக் கவுன்சில் அனுமதி தரவில்லை. எல்லாவற்றுக்கும் சந்திரவதனாவின் கையால் ஒரு மிடறு. சிலர் வீட்டிலுள்ளவர்களுக்கென்று போத்தலில் நிரப்பிக்கொண்டு போனார்கள். மொத்தத் தண்ணீரும் கவுன்சில் குழாயில் வந்ததுதான்.

"அக்கான்ரை முகத்தைப் பாருங்கோ, என்ன களை!" என்றார் ஒருவர்.

"வருத்தக்காரி மாதிரியோ இருக்கிறா?" என்றார் இன்னொருவர்.

வருத்தக்காரி மாதிரி அவள் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த நோயின் இயல்பே அதுதான். ஆசிரியனாக இருந்த நான் இதை வந்தவர்களுக்கு விளக்க முயன்றபோது, "மாஸ்டருக்கு எப்பவும் பக்தி கொஞ்சம் குறைவு" என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து சாமியறைக்குள் போனார்கள்.

ஒக்டோபரில் புதிய திகதி வந்தது: நவம்பர் 24, திங்கட்கிழமை. சொன்னேன். "பாப்பம்" என்றாள். மறுநாளும் சொன்னேன். "இப்ப என்ன அவசரம்? எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்றாள்.

இல்ஃபோர்ட் நூலகத்துக்குப் போய், சங்குகளைப் பற்றிய நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு மைத்துனரின் கடைக்குச் சென்றேன். படத்தைக் காட்டினேன். கல்லாவுக்கு மேலே இருந்ததும் படத்தில் இருந்ததும் ஒன்றே. இந்த வகையின் வாய் எப்போதும் அந்தப் பக்கந்தான் இருக்கும் என்று எழுதியிருந்ததை வாசித்தேன். நம் சங்கின் வாய்க்குள் விரலை விட்டால் தடக்கும் மடிப்புகள் இதில் இல்லை என்பதையும், அவருடைய விரலைப் பிடித்து உள்ளே வைத்தே காட்டினேன்.

அவர் விரலை எடுக்காமல் நின்றார்.

"புத்தகம் எழுதினவன் வெள்ளைக்காரன் அத்தான்."

"சங்கு வெள்ளைக்காரனுக்கு ஒரு மாதிரியும் எங்களுக்கு இன்னொரு மாதிரியும் பிறக்குமோ? அக்காவுக்கு நீர் சொல்லும், பாலேந்திரா. நீர் சொன்னால் கேப்பா. இருபத்து நாலாம் திகதி போகச் சொல்லும்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

கடையில் ஒரு பெண் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் காசை வாங்கி அனுப்பிவிட்டுத்தான் சொன்னார்.

"ஒருத்தியைக் கையெழுத்து வைச்சு அவங்களிட்டைக் குடுத்தனான். சின்ன ஒப்பரேசன், பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டாங்கள். நான் பின்னேரம் போனன், அத்தான். அக்காவையும் குடுக்க மாட்டன். நீங்கள் என்ன புத்தகம் கொண்டுவந்தாலும் இதை நம்பாமல் விட எனக்கு ஏலாது."

நூலைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மனிதரோடு எனக்குக் கோபம் இல்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்களுடையதற்கு என்ன காரணம்?

சென்ற வியாழக்கிழமை பின்னேரம் ஓர் இளம் பெண் வந்தாள். றொஷானி என்று இங்கே எழுதுகிறேன். உண்மைப் பெயர் அதுவன்று. வங்கி ஒன்றில் வேலை செய்கிறவள். தீர்த்தம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் குடித்துவிட்டு, சந்திரவதனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். நான் தேநீர் கொண்டுபோனேன்.

"அன்ரி, உங்களைக் கண்ட பிறகுதான் எனக்கு ஒரு தெம்பு வந்தது" என்றாள். "எனக்கும் நெஞ்சில ஒரு கட்டி எண்டு சொன்னவை. வாற கிழமை எடுக்கிறதெண்டு டேற் தந்தவை. நான் போன் அடிச்சு கான்சல் பண்ணிப்போட்டன்."

சந்திரவதனா கையை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனீ?"

"உங்களுக்குக் கரைஞ்ச மாதிரி எனக்கும் கரையும் அன்ரி. நான் ஒவ்வொரு கிழமையும் வருவன்."

"எனக்குக் கரைஞ்சதெண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லினம்."

"இல்லை, பிள்ளை. கட்டில் இல்லையெண்டு தள்ளிப்போட்டவங்கள். அவ்வளவுதான். நீ போகவேணும். நாளைக்கே திரும்பப் போன் அடி."

அந்தப் பெண் சிரித்தாள். பெரியவர்கள் தங்கள் பெருமையைத் தாங்களே சொல்லமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டவளின் சிரிப்பு அது.

"உங்களுக்குத் திரும்ப டேற் தரேல்லையோ அன்ரி?"

"தந்தவங்கள்."

"போறியளோ?"

சந்திரவதனா தேநீரை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

"நீங்கள் போகேல்லைத்தானே. பிறகேன் என்னைப் போகச் சொல்லுறியள்?"

வாசல்வரை சென்று அவளுடன் பேசினேன். தலையாட்டிக் கேட்டாள். "சரி அங்கிள்" என்றாள். அவள் என் சொல்லை ஏற்கவில்லை என்பது எனக்குத் தெரியும்; தலையாட்டுகிற மாணவர்களை முப்பது ஆண்டுகள் பார்த்தவன் நான்.

திரும்பி வந்தபோது சந்திரவதனா குசினியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடிந்தவற்றையே திரும்பவும் கழுவினாள்.

"அது வலம்புரி இல்லையெண்டு எனக்குத் தெரியும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "சந்தையில அந்த மனிசி சொன்னதை நீங்கள் தம்பிக்குச் சொல்லேக்கை நானும் பக்கத்திலதானே நிண்டனான்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும்?"

"எனக்குப் பயம். மச்சாளும் சிரிச்சுக்கொண்டுதான் ஒப்பரேசனுக்கு உள்ளுக்குப் போனவ. சனம் வந்து, அக்கா நல்லா இருக்கிறியள், நல்லா இருக்கிறியள் எண்டு சொல்லச் சொல்ல அந்தப் பயம் கொஞ்சம் குறைஞ்சுது. அதுக்குத்தான் தண்ணி குடுத்தனான். அவைக்கு நான் குடுத்தது தண்ணி. எனக்கு அவை தந்துகொண்டிருந்தது வேறை."

குழாயை நிறுத்தினேன்.

"இருபத்து நாலாம் திகதி போவம். நான் கூட வாறன். கதவடியிலேயே இருப்பன்."

"போனால் சனம் என்ன சொல்லும்? இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டி, ஏமாத்தி, பச்சைத் தண்ணி பருக்கினவ எண்டு சொல்லும்."

"சொல்லட்டும்!"

"உங்களுக்கென்ன? நீங்கள் ஆக்களோடை கோவிச்சுப் பழகினனீங்கள். எனக்கு ஏலாது."

அவள் சொன்னது உண்மை. என்னோடு பேசாதவர்கள் இலண்டனில் பலர். அவளோடு பேசாதவர் ஒருவரும் இல்லை. இந்த நாட்டில் அவள் சேர்த்த சொத்து அதுதான். கத்திக்குப் பயந்ததில் பாதி அளவுக்காவது அந்தச் சொத்து போய்விடும் என்பதற்கும் அவள் பயந்தாள்.

"அந்தப் பெட்டையை நினைச்சுப் பாரும்" என்றேன். "நீர் போனால்தான் அவளும் போவாள்."

"நான் போய் ஏதும் நடந்தால்? சங்கை விட்டிட்டுப் போனதாலதான் எண்டு சொல்லி அவள் பிறகு ஒருநாளும் போகமாட்டாள்." கையைத் துவாயில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். "அவையள் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாங்கோ எண்டு சொன்னால் போவன். வாயால சொல்லவேணும். அந்தப் பிள்ளை வந்து சொன்னால் உடனை போவன்."

அன்றிலிருந்து ஒவ்வொருவராகத் தேடிப் போகிறேன். ஒருவர், சங்கை அவமதித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று என்னை எச்சரித்தார். இன்னொருவர், அக்கா போவதானால் சங்கைத் தம் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டார். ஹரோவிலுள்ள கணக்காளர் ஒருவர், படித்த மனிதர், எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டு, ஆனால் நம்பிக்கையை நாம் கெடுக்கக்கூடாது மாஸ்டர் என்று முடித்தார். றொஷானி என் தொலைபேசியை எடுக்கிறாளில்லை. இப்படி எழுதப்போகிறேன் என்று மைத்துனரிடம் சொன்னேன். எழுதுங்கோ அத்தான், ஆனால் இந்தப் பேப்பரை என்ரை கடையில வைக்கமாட்டன் என்றார். பிறகு, தயங்கி, அக்கா போகத்தான் போறாவோ என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. இன்று காலையிலும் ஒரு குடும்பம் வந்தது. தண்ணீர் குடித்தது. அக்கா நல்லா இருக்கிறியள் என்று சொல்லிவிட்டுப் போனது.

எனவே, இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களிடமே கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு மிடறு குடித்தவரானால், இது உங்களுக்கு எழுதப்பட்டது. நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. சங்கைப் பற்றி உங்களோடு வாதாடவும் போவதில்லை. இந்தக் கிழமை வாருங்கள். மணியை அடியுங்கள். அவள்தான் கதவைத் திறப்பாள். தண்ணீர் கேட்காதீர்கள், முகத்தில் களை இருக்கிறது என்று சொல்லாதீர்கள். போட்டு வாங்கோ அக்கா, நாங்கள் உங்களை ஒண்டும் நினைக்கமாட்டம் என்று, அவளுடைய கண்ணைப் பார்த்து, உங்கள் வாயால் சொல்லுங்கள். றொஷானி என்று நான் எழுதிய பிள்ளையே, நீர் யாரென்று உமக்குத் தெரியும்: முதலில் நீர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடும், எடுத்துவிட்டு இங்கே வாரும்.